முக்காட்டுக்குள் ஒரு முகம்: அமௌத்தி என்னும் ஆடையின் கதை

பிரித்தானிய நூதனசாலையின் சேகரிப்பில் ஒரு நீர்வர்ண ஓவியம் உண்டு. வரைந்தவர் ஜோன் வைட் என்னும் ஆங்கிலேயர். பின்னாளில் வட அமெரிக்காவின் ரோனோக் குடியேற்றத்துக்கு ஆளுநராகப் போனவர். 1577ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த ஓவியத்தில் சீல் என்னும் கடல்நாயின் தோலாலான மேலங்கியும் உயர்ந்த தோற்பாதணியும் அணிந்த ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவளுடைய தோளுக்குப் பின்னால், முக்காடு போன்ற பெரிய தொப்பியின் வாயிலிருந்து ஒரு குழந்தையின் முகம் எட்டிப் பார்க்கிறது. முகம் மட்டுந்தான். உடம்பு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, அது ஏன் கீழே விழாமல் இருக்கிறது என்பதை ஓவியம் சொல்லவில்லை.

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிய ஒரு நூலில்தான் இதன் அச்சுப் பிரதியை நான் முதலில் கண்டேன். கீழே ஒரு வரிக் குறிப்பு: எஸ்கிமோப் பெண்ணும் குழந்தையும். அவ்வளவுதான். ஆனால் நூலின் மற்றெந்தப் படத்தைவிடவும் இந்தச் சின்ன முகமே என்னைத் தொந்தரவு செய்தது. பனியும் காற்றும் சூழ்ந்த ஒரு நாட்டில், விறகு தரும் ஒரு மரங்கூட முளைக்காத நிலத்தில், ஒரு கைக்குழந்தையை எப்படிச் சூடாகவும் ஈரமில்லாமலும் வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் போகத் தொடங்கியபோது, அது ஓர் ஆடையின் கதையாகவும், அந்த ஆடைக்குள் இருந்தவர்களை வெளியிலிருந்து வந்தோர் என்ன செய்தார்கள் என்ற கதையாகவும் விரிந்தது.

அந்த ஆடைக்குக் கிழக்குக் கனடாவின் இனுயிட் மக்கள் இட்ட பெயர் அமௌத்தி. குழந்தையை முதுகில் சுமத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். அதாவது, ஆடைக்குப் பெயரே சுமையிலிருந்து வருகிறது. நம்மிடம் ஏணை இருக்கிறது, தொட்டில் இருக்கிறது. இரண்டும் குழந்தையைத் தாயிடமிருந்து இறக்கி வைப்பதற்கானவை. இறக்கி வைக்க இடமில்லாத நாட்டில் தாயின் சட்டையே தொட்டிலாயிற்று.

ஓவியத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். குழந்தை தொப்பிக்குள் இருப்பதாக நினைக்கிறார்கள். பிரயாண நூல்கள் பலவற்றிலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் குழந்தை இருப்பது தொப்பிக்குக் கீழே, அங்கியின் முதுகுப் பகுதியில் உள்ளே விட்டுத் தைத்த ஒரு பையில். அமௌத் என்பது அந்தப் பையின் பெயர். தாயின் வெற்று முதுகோடு நெஞ்சும் வயிறும் ஒட்டியபடி, கால்களை மடக்கி, குழந்தை அதற்குள் அமர்ந்திருக்கும். உடுப்பென்று பெரிதாக ஒன்றுமில்லை. தலைக்கு மான்கன்றின் தோலிலோ முயல்தோலிலோ ஒரு குல்லா, சில வேளை ஒரு சிறு மேற்சட்டை. தாயின் இடுப்பைச் சுற்றி அங்கிக்கு வெளியே ஒரு பட்டி கட்டப்படும். குழந்தை வழுகி இறங்காமல் பிடித்து வைப்பதும், கீழிருந்து காற்று ஏறாமல் தடுப்பதும் அந்தப் பட்டியின் வேலை. பெரிய தொப்பி இருவருக்கும் பொது. காற்று வீசினால் தாய் அதை இழுத்துப் போட்டுக்கொள்வாள். இரண்டு தலைகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிடும். காற்றில்லாதபோது பின்னால் தள்ளிவிடுவாள். குழந்தை உலகத்தைப் பார்க்கும். வைட் வரைந்தது அந்த இரண்டாவது கணத்தை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். குளிர் நாடுகளில் குழந்தையைச் சுமக்கும் தாய்மாருக்கு இன்று வைத்தியர்களும் தாதிகளும் சொல்லும் புத்தி என்ன? குழந்தைக்கு உடுப்பை அடுக்கடுக்காகப் போட்டு அதற்கு மேல் குளிரங்கியையும் மாட்டி நெஞ்சில் கட்டாதீர்கள். மெல்லிய உடுப்போடு உங்கள் உடம்போடு சேர்த்துக் கட்டி, இருவருக்கும் மேலாக ஒரே அங்கியைப் போர்த்துங்கள். மூக்கும் வாயும் திறந்திருக்கட்டும். சூடு போதுமா, மிஞ்சுகிறதா என்று பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அமௌத்தியின் வரைபடமே இது. 1978இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில், வைத்தியர் எட்கர் ரேய், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் படும்படி கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். வெப்பப் பெட்டிகள் போதாத வைத்தியசாலை அது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் 2003இல் அதற்கு ஒரு வழிகாட்டி நூலையே வெளியிட்டது. கங்காரு முறை என்று பெயர். கங்காருவுக்குக் கிடைத்த அந்தக் கௌரவம் வடதுருவத்துப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் சிறு முறைப்பாடு.

கைக்குழந்தைக்குக் குளிர் ஏன் இத்தனை பகை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு நம்முடையதைவிடப் பெரிது. சூடு வெளியேற வாசல் அதிகம். நம்மைப் போல உடம்பு நடுங்கிச் சூடு பிறப்பிக்க அதற்கு இயலாது. தோளிலும் முதுகிலும் உள்ள ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும்; அந்தக் கையிருப்பும் கொஞ்சம். இதற்கு மேல் உடம்பில் ஈரம் பட்டால் நிலைமை மோசம். தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பூச்சியத்துக்குக் கீழே முப்பது, நாற்பது பாகையில் நனைந்த குழந்தை என்பது அழுகிற குழந்தை மட்டுமல்ல, ஆபத்திலிருக்கும் குழந்தை.

ஆகவே அமௌத்தியின் பாதி அறிவு சூட்டைப் பற்றியது, மீதிப் பாதி ஈரத்தைப் பற்றியது. பையின் அடியில் உலர்ந்த பாசியோ, மயிரோடு கூடிய தோல்துண்டோ வைக்கப்படும். நனைந்ததும் எடுத்து வேறு வைப்பார்கள். ஆனால் அனுபவமுள்ள தாய்க்கு அந்த அளவுக்குப் போகவே தேவையில்லை என்று முதிய பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். முதுகோடு ஒட்டியிருக்கும் குழந்தையின் நெளிவிலேயே அவளுக்கு விளங்கிவிடும். வெளியே எடுத்து, சட்டென்று பிடித்து, மீண்டும் உள்ளே விட்டுவிடுவாள். பாலூட்டுவதற்கோ குழந்தையை வெளியே எடுக்க வேண்டியதில்லை. தோளை அகலமாக வெட்டித் தைத்திருப்பதால், தாய் தன் கையை உள்ளே இழுத்துக்கொண்டு குழந்தையை முதுகிலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்து மார்பில் விட முடியும். கீவலிக் பகுதியில் துயில்லி எனப்படும் அமௌத்தியின் தோள்கள் பறவைச் சிறகு போல் விரிந்திருப்பதை அழகுக்கு என்று எண்ணி எழுதியவர்கள் உண்டு. அழகுதான். ஆனால் அந்த அகலத்துக்குள் ஒரு குழந்தை புரண்டு வரவேண்டும் என்பது முதற் காரணம்.

பனியும் ஈரந்தான், வெளியே இருக்கும்வரை உறைந்த ஈரம். மயிருக்குள் சிக்கிய பனித்தூள் வீட்டுச் சூட்டில் உருகினால் அங்கி நனையும். நனைந்த அங்கி மறுநாள் வெளியே இறங்கினால் பலகைபோல் விறைக்கும். எனவே பனிவீட்டுக்குள் நுழைவதற்கு முன் அங்கியைத் தட்டிப் பனியை உதிர்ப்பதற்கென்றே கொம்பிலோ எலும்பிலோ மரத்திலோ செய்த ஒரு தட்டுக்கோல் இருந்தது. உள்ளே குல்லிக் எனப்படும் கல்விளக்கு எரியும். கடல்நாயின் கொழுப்பு அதற்கு எண்ணெய், பாசியும் பருத்திப்புல்லும் திரி. அதற்கு மேலே ஒரு காயவைக்கும் தட்டி தொங்கும். பாதணிகளும் கையுறைகளும் குழந்தையின் துண்டுகளும் இரவு முழுக்க அதில் காயும். மாரிகாலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் பிள்ளையின் துணிகளைக் காயவைத்த உம்மாமார் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். விளக்கைக் காப்பது பெண்ணின் பொறுப்பு. விளக்கு அணைந்தால் வீடு குளிரும் என்பது ஒருபுறம். எதுவும் காயாது என்பது அதைவிடப் பெரிது.

தோலின் கதை தனிக்கதை. கடுங்குளிருக்கு ஏற்றது கரிபூ என்னும் வடதுருவ மானின் தோல். அதன் மயிரிழைகளுக்குள்ளேயே காற்று அடைபட்ட நுண்ணறைகள் இருப்பதால் அவ்வளவு பாரமில்லாமல் அவ்வளவு சூடு தரும். எந்த மான், எந்த மாதம் என்பது தையற்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வசந்தத்தில் கொன்ற மானின் தோல் சல்லடை. மானின் முதுகில் வளர்ந்த ஒருவகை ஈயின் புழுக்கள் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருக்கும். கோடை முடிவில் துளைகள் ஆறி, மயிர் குட்டையாகவும் அடர்த்தியாகவும் வரும். ஆடைக்கு அதுவே தருணம். இன்னும் பிந்தினால் மயிர் நீண்டு, தோல் தடித்து, படுக்கை விரிப்புக்குத்தான் ஆகும். ஆக, ஆண்டு முழுவதற்குமான குடும்பத்தின் உடுப்பு சில வாரங்களுக்குள் கிடைக்கும் தோல்களில் தங்கியிருந்தது. குளிருக்கு இரண்டு அடுக்கு: உள்ளங்கியின் மயிர் உடம்பைப் பார்க்கும், வெளியங்கியின் மயிர் பனியைப் பார்க்கும், நடுவே காற்று. ஈரமான பருவத்துக்குக் கரிபூ சரிவராது, நனைந்தால் மயிர் உதிர்ந்துவிடும். அப்போது கடல்நாயின் தோல். வைட்டின் ஓவியத்துப் பெண் கடல்நாயின் தோலில் இருப்பதற்கும் இதுவே காரணம். அவளைப் பிடித்தது கோடையில்.

நூல், மானின் முதுகெலும்பை ஒட்டியோடும் தசைநார். நனைந்தால் அது ஊதி, ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். நீர் புகாத பாதணிக்கு இரட்டைத் தையல். இரண்டு வரிசையிலும் ஊசி தோலின் பாதித் தடிப்புவரை மட்டுமே போய்த் திரும்பும், மறுபக்கம் எட்டிப் பார்க்காது. இத்தனையும் எழுதப்படாத பாடங்கள். அளவுநாடாவும் கிடையாது, கைச்சாணாலும் கண்ணாலும் அளந்து, பிறைவடிவக் கத்தியால் வெட்டுவார்கள். வெட்டு ஓரங்குலம் பிழைத்தால் குழந்தை ஒருபக்கம் சரியும்.

2003ஆம் ஆண்டு கனடாவில் இருந்த சில வாரங்களில் ஒரு நூதனசாலையில் இந்த ஆடையை நேரில் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள், தலையில்லாத ஓர் உருவத்துக்கு அணிவித்திருந்தார்கள். முதுகுப் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. குழந்தையின் பை எங்கே என்று பார்க்க நான் பெட்டியின் ஓரத்தில் கன்னத்தை ஒட்டவைத்து நிற்க வேண்டியதாயிற்று. காவலாளி ஒருவர் இரண்டு தடவை என்னைக் கடந்து போனார். விளக்கச் சீட்டில் தோலின் பெயர் இருந்தது, ஊரின் பெயர் இருந்தது, அதைச் சேகரித்துக் கொடுத்த கப்பல்காரரின் பெயர் இருந்தது. தைத்தவளின் பெயர் இல்லை.

வரலாற்று நூல்களிலும் நிலைமை இதுதான். 1845இல் சேர் ஜோன் ஃபிராங்ளின் தலைமையில் இரண்டு கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போயின. மூன்று ஆண்டுகளின் பின் கிங் வில்லியம் தீவுக்கு வடமேற்கே பனியில் இறுகிய கப்பல்களைக் கைவிட்டு ஆட்கள் கால்நடையாக இறங்கினார்கள். 129 பேரில் ஒருவரும் மீளவில்லை. குளிர் மட்டும் காரணமல்ல. பசியும் நோயும் சேர்ந்தன. ஆயினும் கம்பளிச் சீருடையில் அவர்கள் விழுந்து கிடந்த அதே தீவில் பெண்கள் முதுகில் குழந்தையோடு இடம்பெயர்ந்து திரிந்தார்கள் என்ற உண்மையை யாரும் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வதில்லை. 1903 முதல் 1905 வரை அதே தீவின் தென்கிழக்குக் கரையில் நோர்வேக்காரர் றொவால்ட் அமுன்சன் இரண்டு குளிர்காலம் தங்கினார். நெற்சிலிக் இனுயிட்டுகளிடம் தோலாடை அணியவும் நாய்வண்டி ஓட்டவும் படித்துக்கொண்டார். 1911 டிசம்பரில் தென்துருவத்தை முதலில் அடைந்த குழு அவருடையது. தோலாடையின் பயன் அந்தப் பயணத்திலும் தெரிந்தது. அமுன்சன் தான் யாரிடம் கற்றார் என்பதை மறைத்தவரல்லர். ஆனால் அவரைப் பற்றி எழுதியோர் 'இனுயிட் வேட்டைக்காரரின் அறிவு' என்று எழுதினார்கள். வேட்டைக்காரன் மானைக் கொண்டுவந்தான். அதை ஆடையாக்கிய அறிவு வீட்டுக்குள் விளக்கடியில் இருந்தது. நாடுகாண் பயணிகள் ஆண்களின் அங்கியைத்தான் வாங்கிப் போனார்கள். குழந்தை சுமக்கும் அங்கி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே அது 'கண்டுபிடிப்பு' என்ற பட்டியலுக்குள் வரவுமில்லை, விசித்திரப் பொருளாக நூதனசாலைக்குப் போயிற்று.

இனி அந்த ஓவியத்துப் பெண்ணின் கதை.

மார்ட்டின் ஃப்ரொபிஷர் 1576இல் ஆசியாவுக்கு வடக்கு வழி தேடிப் பஃபின் தீவுக்கு வந்தார். அவருடைய ஐந்து மாலுமிகள் காணாமற் போயினர். ஓர் இனுயிட் ஆணைப் படகோடு தூக்கிக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்த மனிதர் சீக்கிரமே இறந்தார். கூடவே கொண்டுபோன கறுப்புக் கல்லில் பொன் இருப்பதாக யாரோ சொல்ல, மறு ஆண்டு பெரிய ஏற்பாடுகளுடன் திரும்பி வந்தார். அந்த 1577 கோடையில் இரு தரப்புக்கும் மோதல் நடந்தது. இனுயிட் ஆண்கள் சிலர் பாறைகளிலிருந்து கடலில் குதித்து மாண்டனர். ஆங்கிலேயர் அந்த முனைக்கு இரத்தமுனை என்று பெயர் வைத்தார்கள். தப்பியோட முடியாத இரண்டு பெண்கள் அகப்பட்டனர். ஒருத்தி கிழவி, அவளைச் சூனியக்காரி என்று சந்தேகித்து, கால் பிளந்த குளம்பாக இருக்கிறதா என்று பாதணியைக் கழற்றிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். மற்றவள் பாறை மறைவில் இருந்த இளம் தாய். ஆண் என்று நினைத்துச் சுட்டதில் அவள் முதுகிலிருந்த குழந்தையின் கையில் காயம்.

இதன் பிறகு நடந்ததைக் கப்பலில் இருந்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். கப்பலின் சத்திரவைத்தியர் குழந்தையின் கைக்கு மருந்து பூசினார். தாய் அந்த மருந்தையெல்லாம் அகற்றிவிட்டு, தன் நாக்கால் நக்கி நக்கியே புண்ணை ஆற்றினாள். எழுதியவர் இதை விலங்குத்தனம் கலந்த ஓர் அதிசயமாகச் சொல்கிறார். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. அந்தக் கப்பல் முழுவதிலும் அவளுடையதாக மிஞ்சியது அவளது உடம்பு ஒன்றுதான். குழந்தையை இத்தனை மாதம் சூடாக வைத்திருந்ததும் அதே உடம்பு.

அவளோடு ஓர் ஆணையும் கொண்டுபோனார்கள். கலிச்சோ என்று அவன் பெயர் பதிவாகியிருக்கிறது. இருவரும் வெவ்வேறு இடங்களில் பிடிபட்டவர்கள். ஓர் அறையில் விட்டு, கணவன் மனைவிபோல் நடக்கிறார்களா என்று மாலுமிகள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் காட்டிய நாணத்தைக் கண்டு வியந்தும் எழுதினார்கள். பெண்ணுக்கும் குழந்தைக்கும் இட்டு வழங்கும் பெயர்கள் அர்னாக், நுத்தாக் என்பன. இவை பெயர்களே அல்ல, 'பெண்', 'குழந்தை' என்று பொருள்படும் சொற்களை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிவைத்தவை என்பது மொழியறிந்தோர் கருத்து. யாரென்று கேட்டிருப்பார்கள், ஒரு பெண் என்று அவள் சொல்லியிருப்பாள்.

1577 இலையுதிர் காலத்தில் பிரிஸ்டல் துறைமுகத்தில் இறக்கினார்கள். கலிச்சோ நகரத்து ஆற்றில் தன் தோற்படகை ஓட்டி வாத்துக்களை எறிந்து வீழ்த்திக் காட்டினான்; மேயர் முதலானோர் கரையில் நின்று பார்த்தனர். நவம்பர் தொடக்கத்தில் அவன் இறந்தான். எட்வேட் டொடிங் என்ற வைத்தியர் உடலைப் பரிசோதித்து இலத்தீனில் அறிக்கை எழுதினார்: பிடிபட்டபோது விலா எலும்புகள் முறிந்திருந்தன. ஆளை இங்கே பலியிட்டுத் தின்பதில்லை என்று நம்பவைப்பதற்காகப் பெண்ணைக் கூட்டிப்போய் அவனுடைய அடக்கத்தைக் காட்டினார்கள். சில நாட்களில் அவளும் இறந்தாள். இருவரும் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் புதைக்கப்பட்டனர்.

குழந்தை எஞ்சியது. அதற்கு ஒரு செவிலியை அமர்த்தினார்கள். எலிசபெத் ராணிக்குக் காட்டுவதற்காக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். ராணி பார்க்குமுன்பே அது இறந்தது. ஹார்ட் வீதியிலுள்ள புனித ஒலேவ் தேவாலயத்தில் அடக்கம். துருவத்துக் குளிர்காலம் ஒன்றையாவது தாயின் முதுகில் கடந்து வந்த குழந்தை, கணப்பும் கம்பளியும் உள்ள நகரத்தில் நவம்பரைத் தாண்டவில்லை. நோய்தான் கொன்றிருக்கும், அந்த மூவருக்கும் பழக்கமில்லாத கிருமிகள் அந்த ஊர் முழுக்க. ஆயினும் தாய் இறந்த பிறகு அந்தக் குழந்தையை யார், எந்தத் துணியில், எப்படிச் சுமந்து லண்டன் வரை கொண்டுபோனார்கள் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை. அமௌத்தியைச் செவிலிக்குப் போட்டிருக்க மாட்டார்கள். கறுப்புக் கல்லுக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு: 1578இல் பதினைந்து கப்பல்களுடன் போய் ஆயிரம் தொன்னுக்கு மேல் அள்ளி வந்தார்கள். பொன் இல்லை. வெறும் கல்.

ஃப்ரொபிஷரின் பெயரிட்ட அதே விரிகுடாவின் உட்கரையில் இருபதாம் நூற்றாண்டில் ஒரு பட்டினம் எழுந்தது. 1987இல் அதன் பெயர் இக்கலுயிட் என்று மாற்றப்பட்டது. 1999இல் நூனவுட் பிரதேசம் உருவானபோது தலைநகராயிற்று. அந்தக் கரைகளுக்கு 1950 தொடக்கம் கோடைதோறும் சி.டி. ஹவ் என்ற அரசாங்கக் கப்பல் வந்து போனது. ஊர் முழுவதையும் கப்பலில் ஏற்றி நெஞ்சுப் படம் எடுப்பார்கள். காசநோய் என்று கண்டால் அப்படியே தெற்கே உள்ள வைத்தியசாலைகளுக்கு. கரைக்குத் திரும்பி விடைபெறவும் பலருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1956 அளவில் ஏறத்தாழ ஏழு இனுயிட்டுகளில் ஒருவர் தெற்கில் சிகிச்சையில் இருந்தார். தாய் கப்பலில், குழந்தை கரையில். அல்லது குழந்தை கப்பலில், தாய் கரையில். ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்து, திரும்பியபோது தாய்மொழி மறந்த குழந்தைகள் உண்டு. திரும்பாமல் புதைத்த இடமும் தெரியாமற் போனவர்கள் உண்டு. நோயைக் குணப்படுத்தவே கொண்டுபோனார்கள், பலர் பிழைத்தும் வந்தார்கள், இதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதுகிலிருந்து குழந்தையை எடுத்தால் என்னாகும் என்பதைக் கணக்கில் எடுக்காத திட்டம் அது. 2019 மார்ச்சில் கனடியப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இக்கலுயிட்டுக்கு வந்து அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அர்னாக் என்று எழுதப்பட்ட பெண் பிடிபட்டதும் அதே விரிகுடாவில்தான்.

ஆடையும் மாறாமல் இருக்கவில்லை. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடி மணிகளைக் கொண்டுவந்தபோது பெண்கள் அவற்றை வாங்கி அமௌத்தியின் மார்பிலும் தோளிலும் ஆயிரக்கணக்கில் கோர்த்தார்கள். குடியிருப்புகளில் நிலையாகத் தங்கத் தொடங்கியபின் தடித்த கம்பளித் துணி வந்தது, அதற்கு மேல் காற்றுப் புகாத பருத்தித் துணி வந்தது. இன்று செயற்கை இழைத் துணிகளிலும் தைக்கிறார்கள். வெட்டு மட்டும் பழைய வெட்டு: பை, பட்டி, அகன்ற தோள், பொதுத் தொப்பி. குழந்தைக்கு இப்போது பாசிக்குப் பதிலாகக் கடையில் வாங்கும் அணைதுணி. நஷ்டம் என்று சொல்வோரும் உண்டு. தைக்கிறவர்கள் அப்படிச் சொல்லி நான் வாசித்ததில்லை. அவர்களுக்கு வேலை குறைந்திருக்கிறது.

1999இல் நியூயோர்க்கின் பெரிய ஆடை நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி கனடாவின் வடக்குக்கு வந்து பழைய ஆடைகளை வாங்கித் திரிந்தார். புதிய வடிவங்களுக்கு யோசனை தேடும் பயணம். 1984 முதல் இயங்கிவரும் பவுக்தூத்திற் என்னும் இனுயிட் பெண்கள் அமைப்பு இதை எதிர்த்தது. அமௌத்தியை அந்த நிறுவனம் நகலெடுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. பயம் அப்போதைக்கு நிறைவேறவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுந்துவிட்டது. 2001இல் றாங்கின் இன்லெற் என்ற ஊரில் பல பகுதிகளிலிருந்தும் தையற்காரிகளை அழைத்து ஒரு பட்டறை நடத்தினார்கள். இந்த ஆடை யாருடையது, சட்டத்தால் இதைக் காக்க முடியுமா என்பதே பேச்சு.

சட்டத்தின் நிலை விநோதமானது. பதிப்புரிமைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அமௌத்திக்கு ஆசிரியர் இல்லை. கண்டுபிடிப்புரிமைக்கு அது புதியதாக இருக்க வேண்டும்; இதுவோ எத்தனை தலைமுறை பழையதென்று எவரும் அறியார். உரிமை கொடுத்தாலும் குறித்த ஆண்டுகளில் காலாவதியாகும். தாய் மகளுக்குக் கொடுப்பதற்குக் காலாவதி கிடையாது. பெண்களின் விளக்கம் வேறு தளத்தில் இருந்தது. வெட்டு முறை குடும்பத்துக்குக் குடும்பம், ஊருக்கு ஊர் வேறுபடும். பார்த்தவுடன் எந்த ஊர், யாருடைய கை என்று சொல்லிவிடலாம். ஒருத்தியின் வெட்டை மற்றவள் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், கேளாமல் எடுப்பது முறையல்ல. சொத்து என்று சட்டம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒன்றல்ல. பொதுவானது என்றால் எவரும் எடுக்கலாம் என்பது சட்டத்தின் விளக்கம். பொதுவானது என்றால் எல்லோரையும் கேட்க வேண்டும் என்பது அவர்களது விளக்கம். பாரம்பரிய அறிவைக் காக்கும் வழி பற்றிய சர்வதேசப் பேச்சுகளில் அமௌத்தி இதன் பிறகு உதாரணமாக எடுத்தாளப்பட்டது.

இந்தப் பெண்களின் பேச்சில் நான் முக்கியமாகக் கருதும் இடம் வேறொன்று. நகலெடுத்தால் பணம் போய்விடும் என்பதைவிட, நகல் பிழையாக இருக்கும் என்பதில்தான் நியாயம் அதிகம். கடைக்காரன் பையை அலங்காரமாகத் தைப்பான், பட்டியை விட்டுவிடுவான், தோளை ஒடுக்கிவிடுவான். தொப்பியின் வாய் சிறுத்துப்போகும். அதற்குள் ஒரு குழந்தை இருந்ததை அறியாத ஒருவன், அது மூச்சுவிட வேண்டும் என்பதை எங்கே நினைக்கப்போகிறான்.

சிறுமிகளுக்கு இப்பயிற்சி விளையாட்டிலேயே தொடங்குகிறது. உம்மா தனக்கு வெட்டிய தோலில் அல்லது துணியில் மிஞ்சியதைக் கொண்டு மகளுக்கு ஒரு சின்ன அமௌத்தி தைத்துக் கொடுப்பாள். அதில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு அவள் திரிவாள். பொம்மை இல்லாவிட்டால் நாய்க்குட்டி. நெளியும், நனைக்கும், நழுவப் பார்க்கும். பட்டியை எவ்வளவு இறுக்குவது, எப்போது வெளியே எடுப்பது என்று அந்தக் குட்டியிடமே அவள் படித்துக்கொள்வாள். பிறகு ஒருநாள் தம்பியையோ தங்கையையோ தூக்கி அதற்குள் விடுவார்கள்.